பாசி கீழே இருந்த கட்டை

காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூரின் சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் நானும் அப்பாவும் நின்றபோது, எதிரே புலாவ் உபின் தீவைக் காணவில்லை. இரவெல்லாம் கொட்டிய டிசம்பர் மழை விட்டு, கடல்மேல் ஏதோ வெள்ளையாகப் படிந்திருந்தது. நம் ஊரில் காற்று வெளுத்தாலே புகைமூட்டமோ என்றுதான் முதலில் தோன்றும். அப்பா மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "கருகல் வாடை இல்லம்மா, பனிதான்" என்றார்.

12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி. காத்திருந்த நேரத்தில்தான் எதற்குப் போகிறோம் என்பதை அவரிடம் விளக்கினேன். ஜியோகேச்சிங் என்றால், யாரோ ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைச் செயலியில் போட்டுவிடுவார்கள். தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியதும், அங்கே ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியைப் பாதி புதைத்து வைத்தார். அதிலிருந்து தொடங்கியது எல்லாம். அந்த வாளியில் ஒரு பீன்ஸ் டின்கூட இருந்தது. இப்போது நிலத்துக்குப் பொறுப்பானவரின் அனுமதி இல்லாமல் புதைக்கவும் கூடாது, சாப்பிடும் பொருள் வைக்கவும் கூடாது. "வச்சா காட்டுப்பன்னி விட்டு வைக்குமா?" என்றார் அப்பா. அவருக்கு 72 வயது, நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர். எதையும் உடனே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிடுவார்.

தீவில் இறங்கி, பெக்கான் குவாரியில் கொஞ்சம் நின்றோம். பாறை வெட்டிய பள்ளத்தில் தேங்கிய நீர்மேல் பனி அப்படியே உட்கார்ந்திருந்தது. உள்ளேயிருந்து நாரை கத்துகிறது, ஆனால் கண்ணுக்குப் படவில்லை. மலேசியாவுக்குப் போகும் ஜொகூர் பாலம் கட்ட இந்தத் தீவிலிருந்தும் கருங்கல் போனது என்று சொன்னேன். அப்பா வேலிக் கம்பியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் பார்த்தார். "அந்தப் பாலத்துல எத்தனை தடவ பஸ்ல போயிருப்போம்" என்றார்.

டப்பா எந்தப் பாதையில் இருக்கிறது என்பதை எழுத மாட்டேன், நீங்களும் தேட வேண்டும் அல்லவா. ஈரச் சருகில் அரை மணி நேரத்துக்குமேல் நடந்தோம் என்பது போதும். கைப்பேசி 9 மீட்டர் என்றது. இரண்டு அடி வைத்தால் 14. நின்றால் 6. அடர்ந்த மரத்தடியில் சிக்னல் இப்படித்தான் தடுமாறும். வேர் இடுக்கு, மரப்பொந்து, கல்லடி என்று கொசுக்கடியோடு இருபது நிமிடம் துழாவினேன். விட்டுவிடலாம் என்று நினைத்தபோது அப்பா கூப்பிட்டார்.

"இந்தக் கட்டையப் பாரு. பாசி கீழ இருக்கு."

குனிந்து பார்த்தேன். முழங்கை நீளக் கட்டை. சுற்றிக் கிடந்தவற்றுக்கெல்லாம் பாசி மேல்பக்கம், பச்சைக் கம்பளி மாதிரி. இதற்கு மட்டும் மேலே வெறும் பட்டை. ஓரமாக, மண்ணைத் தொடும் இடத்தில், நசுங்கிய பச்சை எட்டிப் பார்த்தது.

"யாரோ எடுத்துட்டு, திருப்பி வைக்கத் தெரியாம வச்சிருக்காங்க."

கட்டையை நகர்த்தினால், பச்சை டேப் சுற்றிய பிளாஸ்டிக் டப்பா! நான் கத்தியதில் கொஞ்ச நேரம் சிள்வண்டுகூட அடங்கிவிட்டது. உள்ளே ஜிப் பையில் சுருட்டிய தாள், இரண்டு கோலிகுண்டு, ஒரு பழைய மலேசியக் காசு, நுனி உடைந்த ஒரு குட்டிப் பென்சில். தாள் ஓரம் நமுத்திருந்தது. பேனா எடுத்தேன், அப்பா தடுத்தார். "ஈரத்துல மை ஊறிப் போகும்." சட்டைப் பையிலிருந்து அவருடைய தட்டைப் பென்சிலை எடுத்தார், வேலையை விட்டு ஏழு வருடம் ஆகியும் அவர் பையில் இருக்கும் அதே சிவப்புத் தச்சுப் பென்சில். எனக்குக் கீழே, தமிழில், நிதானமாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்ததும் பென்சிலைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

"அப்பா, அது உங்களோடது."

"உள்ள இருக்கறது உடைஞ்சிருக்கும்மா. அடுத்து வர்றவங்க எதுல எழுதுவாங்க?"

கட்டையை அவரே வைத்தார், பாசி மேலே இருக்கும்படி.

படகுத்துறைப் பக்கம் திரும்பியபோது பனி கலைந்து வெயில் சுட்டது. கோப்பிக்கடையில் அப்பாவுக்குக் கோப்பி ஓ, எனக்கு இளநீர். மர மேசையின் இணைப்பை விரலால் தடவியபடி உட்கார்ந்திருந்தார். நான் செயலியில் கண்டெடுத்த விவரத்தைப் பதிந்துகொண்டிருந்தேன்.

"பென்சில் புதுசு வச்சாச்சுன்னு போடு" என்றார். "சீவறதுக்குக் கத்தி வேணும்னும் போடு."

இரண்டையும் போட்டேன்.