பாகம் பிரித்துக்கொண்ட சொற்கள்

ஒன்றுபோல் தோன்றி வேறு பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைக் கற்பிக்கும் கையேடுகள், பெரும்பாலும் அவற்றை இரண்டு இரண்டாக அடுக்கி மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அந்த முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த இணைகளில் பல தற்செயலாக உருவம் ஒத்துப்போனவை அல்ல. ஒரே சொல்லாக இருந்து, பின்னாளில் பாகப்பிரிவினை செய்துகொண்ட உடன்பிறப்புகள். எந்தப் பங்கு யாருக்குப் போயிற்று என்று அறிந்துகொண்டால் குழப்பம் பெருமளவு தீரும்.

மலருக்கும் மாவுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களையே (flower, flour) எடுத்துக்கொள்ளலாம். அரைத்த தானியத்தின் மிக நேர்த்தியான பகுதியை அதன் மலர் என்று அழைத்ததிலிருந்துதான் மாவின் பெயர் பிறந்தது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியில்கூட இவை தனித்தனிச் சொற்களாகப் பிரிக்கப்படவில்லை. ‘டிஸ்கிரீட்’ என்று ஒலிக்கும் இரு சொற்களும் (discreet, discrete) இதே வகைதான். ‘பிரிக்கப்பட்டது’ என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் சொல்லிலிருந்து வந்த இவற்றில், இரண்டு ‘ஈ’ எழுத்துகளும் ஒட்டி நிற்பது வாய் காக்கும் பக்குவத்தைக் குறிக்கும். நடுவே ‘டி’ புகுந்து அவற்றைப் பிரித்துவிட்டால் ஒன்றோடொன்று சேராத தனித்தனிக் கூறுகளைக் குறிக்கும்.

இத்தகைய ஒரு பிரிவினை வானியலையே சற்றுத் தடுமாற வைத்திருக்கிறது. ‘கெனால்’, ‘சேனல்’ இரண்டும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஆனால் ஆங்கிலத்தில் முன்னது பெரும்பாலும் சூயஸைப் போல மனிதர் வெட்டியது, பின்னது பெரும்பாலும் இயற்கையாக அமைந்த நீர்வழி. இத்தாலிய மொழியில் இந்த வேறுபாடு இல்லை. ‘கனாலி’ என்ற ஒரே சொல் இரண்டையும் குறிக்கும். 1877இல் மிலான் நகர வானியலாளர் ஜியோவன்னி ஸ்கியாபரெல்லி, செவ்வாய்க் கோளில் தாம் கண்ட கோடுகளை அந்தச் சொல்லால்தான் குறித்தார். அது ஆங்கிலத்துக்குப் போனபோது ‘கெனால்’ ஆயிற்று. வெட்டப்பட்டது என்றால் வெட்டியவர் யார் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? அமெரிக்கரான பெர்சிவல் லோவல், அவை செவ்வாயில் வாழும் அறிவுள்ள உயிர்கள் அமைத்த பாசன வழிகள் என்றே நெடுங்காலம் வாதாடினார். அந்த நம்பிக்கைக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், சொல்லும் தன் பங்குக்குத் துணைபோயிற்று. 1965இல் மரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் அப்படி எதுவும் இல்லை. (நாம் சூயஸையும் கால்வாய் என்கிறோம், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே உள்ள கடலையும் ஆங்கிலக் கால்வாய் என்கிறோம் என்பதால், இத்தாலியரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.)

பங்குகள் கைமாறியதும் உண்டு. இன்றைய கவனமான வழக்கில், ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ நீதிபதி எந்தப் பக்கமும் சாயாதவர். ‘அன்இன்ட்ரஸ்டட்’ நீதிபதியோ வழக்கைக் காதில் வாங்காமல் கொட்டாவி விடுபவர். 17ஆம் நூற்றாண்டில் இவ்விரண்டும் ஏறக்குறைய தலைகீழாக வழங்கின. இன்று முதற்சொல்லை ஆர்வமின்மைக்குப் பயன்படுத்துவோரைக் கண்டு கொதிப்பவர்களுக்கு, வரலாறு அவ்வளவாகக் கைகொடுக்காது. ஆனாலும் நடுநிலைக்கென்று ஒரு தனிச்சொல் இருப்பது நல்லது என்பதால், நானும் கொதிப்பவர்கள் பக்கமே.

‘ஹிஸ்டாரிக்’ என்றால் வரலாற்றில் இடம்பெறத் தக்கது, ‘ஹிஸ்டாரிக்கல்’ என்றால் வரலாறு தொடர்பானது. ‘எகனாமிக்’ பொருளாதாரத்தைச் சார்ந்தது, ‘எகனாமிக்கல்’ சிக்கனமானது. இவற்றில் விளக்குவதற்கு அதிகம் இல்லை. ஆபத்தானது ‘இன்ஃபிளேமபிள்’. முன்னொட்டைப் பார்த்துத் தீப்பற்றாதது என்று எண்ணிவிட வேண்டாம். ‘ஃபிளேமபிள்’ என்பதைப் போலவே அதுவும் எளிதில் தீப்பற்றுவதைத்தான் குறிக்கிறது. தீப்பற்றாததற்கு ‘நான்ஃபிளேமபிள்’ என்றுதான் எழுத வேண்டும்.

எல்லோரும் கேட்கும் ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ இணையில், முன்னது பாதிப்பதைக் குறிக்கும் வினை, பின்னது விளைவைக் குறிக்கும் பெயர் என்ற விதி பெரும்பாலும் போதுமானது. சிக்கல், பின்னது வினையாக வரும்போதுதான். ஒரு நிர்வாகம் மாற்றத்தை ‘எஃபெக்ட்’ செய்தது என்றால் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்ததே அந்த நிர்வாகம்தான். ‘அஃபெக்ட்’ செய்தது என்றால், வேறு யாரோ கொண்டுவந்த மாற்றத்தில் அது கைவைத்திருக்கிறது.