யாரும் கேட்காத ஒரு கேள்வியால் வீணான உறக்கப் பரிசோதனை

எனக்கு நார்கோலெப்சி, அதாவது பகலிலும் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நரம்பியல் நோய், என்று உறுதியாவதற்குள் ஒரே பரிசோதனையை இரண்டு முறை செய்துகொள்ள நேர்ந்தது. முதல் முறை வீணானதற்குக் காரணம், "இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒருவரும் கேட்காததுதான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகிவிடுவதையும், தூங்கிய பிறகும் கை மட்டும் எழுதிக்கொண்டே போய்ப் பக்கத்தைக் கிறுக்கலாக்கியிருப்பதையும் சொன்னபோது, முதலில் பார்த்த மருத்துவர் இது மனச்சோர்வு என்று முடிவு செய்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தொய்ந்துவிடுகிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை; சிரிப்புக்கும் தூக்கத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்? மாத்திரை தொடங்கிய பின் அந்தத் தொய்வு ஏறக்குறைய நின்றுபோயிற்று. தூக்கம் மட்டும் குறையவில்லை.

பிறகு உறக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இரவு முழுவதும் தலையில் கம்பிகளோடு படுத்திருந்து, மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாக ஐந்து முறை இருட்டறையில் தூங்க முயல வேண்டும். சராசரியாக 8 நிமிடங்களுக்குள் தூக்கம் பிடிப்பதோடு, 2 முறையாவது தூங்கிய சற்று நேரத்திலேயே கனவுத் தூக்கம் வந்தால் அது நார்கோலெப்சிக்கு வலுவான சான்று. எனக்குத் தூக்கம் ஐந்து முறையும் உடனே வந்தது; கனவுத் தூக்கம் ஒரு முறைகூடப் பதிவாகவில்லை. அறிக்கையை நீட்டிய ஊழியர், இரவில் சீக்கிரம் படுக்கச் சொல்லி அறிவுரையும் சேர்த்துக் கொடுத்தார்.

அந்த அறிக்கையைப் புரட்டிய நரம்பியல் மருத்துவர்தான் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டார். மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் கனவுத் தூக்கத்தை அமுக்குவதோடு, சிரிக்கும்போது தசை தளரும் கேட்டப்ளெக்ஸியையும் அடக்கிவிடுமாம். இல்லாத நோய்க்குக் கொடுத்த மருந்து, இருக்கும் நோயை மறைத்திருக்கிறது.

அவர் மேற்பார்வையில் மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினேன். இதை யாரும் தாமாகச் செய்ய வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் தொய்வு பல மடங்காகத் திரும்பக்கூடும். படிப்படியாகக் குறைத்தும்கூட, ஒரு நாள் சிரித்த சிரிப்பில் தரையில் சரிந்து, சுற்றியிருப்பவர்கள் பதறுவதெல்லாம் தெளிவாகக் கேட்டும் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்ல நாக்கு எழாமல் கிடந்தேன். இரண்டாம் பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் உறக்க நாட்குறிப்பு எழுதினேன். ஐந்தில் 4 முறை கனவுத் தூக்கம் வந்தது. நோய் உறுதியானதற்காக ஒருவர் மகிழலாமா என்று தெரியவில்லை, நான் மகிழ்ந்தேன்.

காலையில், பகலில் விழித்திருக்க உதவும் மோடாஃபினில் என்ற மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். அது கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும் என்பதை, பெண்கள் தாமாகவே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

மதியம் 20 நிமிடம் தூங்க அலுவலகத்தில் அனுமதி பெறுவது தனிப் போராட்டமாயிற்று. "எங்களுக்கும்தான் மதியத்தில் தூக்கம் வருகிறது" என்றார் மேலாளர். நோயின் பெயரை மட்டும் எழுதிய முதல் சான்றிதழ் பயன்படவில்லை. தூங்க வேண்டிய நேரத்தையும் அளவையும் குறிப்பிட்ட இரண்டாவது கடிதத்தில்தான் கையொப்பம் கிடைத்தது. இப்போது கோப்பறையின் மூலையில் ஒரு சாய்வு நாற்காலி எனக்காகக் கிடக்கிறது. வீட்டிலோ, என் தம்பி வேடிக்கையாக எதையாவது சொல்லத் தொடங்குமுன் "அக்கா, முதலில் உட்கார்" என்கிறான்.