இஞ்சினுக்குள் ஆள் இல்லை

கனடாவின் ஒன்ராறியோவில் சரக்கு ரயில் யாட் ஒன்றில் எனக்கு இது ஒன்பதாவது குளிர்காலம். அம்மா இன்னும் என்னை இஞ்சினுக்குள் இருத்தித்தான் நினைத்துப் பார்க்கிறா. இஞ்சினுக்குள் ஒருவரும் இல்லை, அம்மா. நான் கீழே தண்டவாளத்துக்குப் பக்கத்தில், கல்லுக்கு மேலே நிற்கிறேன். இஞ்சினை ஓட்டுவது நெஞ்சுக்கு முன்னால் வாரில் கொழுவியிருக்கும் ரிமோட் கருவியால்; அதை பெல்ற்பாக் என்போம். ஒரு குமிழ் வேகத்துக்கு, மற்றது பிறேக்குக்கு.

கருவியைக் குறை சொல்லமாட்டேன். சிக்னல் அறுந்தால் இஞ்சினை நிறுத்தும். ஆள் சாய்ந்தால் கூவும். நிமிராவிட்டால் அவசர பிறேக் போடும். போன வருடம் பெப்ரவரியில் உறைபனியில் வழுக்கி விழுந்தேன். அது என் நாடிக்குக் கீழே கிடந்து கூவிக்கொண்டிருக்க, இருபது வேகனும் என் தலைமாட்டைக் கடந்து போய்த்தான் நின்றன. நல்ல காலம், விழுந்தது தண்டவாளத்துக்கு வெளியே.

ஆனால் விழுவதைவிட எனக்குப் பயம், பாரம் தெரியாமல் வேலை செய்வதில். வேகன்கள் பின்னாலிருந்து நெருக்கும்போது இஞ்சினில் இருப்பவருக்கு அது முதுகில் தெரியும். கீழே நிற்கிற எனக்குத் தெரிவதெல்லாம் குமிழ் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான். அதோடு வெளியாட்களுக்குத் தெரியாத ஒன்று: யாட்டுக்குள் வேகன்களை இழுக்கும்போது பெரும்பாலும் பிறேக்குக்குக் காற்றுக் கொண்டுபோகும் குழாய்களை வேகனுக்கு வேகன் பூட்டுவதில்லை. அப்போது வேகன்களின் பிறேக் வேலை செய்யாது. அத்தனை பாரத்தையும் இஞ்சினின் பிறேக் மட்டுமே பிடிக்க வேண்டும்.

2016 ஜூன் 17 இரவு, ரொறன்ரோவுக்கு வடக்கே மக்மில்லன் யாட்டில் நடந்தது இதுதான். ரிமோட்டில் இயங்கிய இரண்டு இஞ்சின்கள், பின்னால் 74 வேகன்கள், ஏறத்தாழ 9,000 தொன். நிறுத்தப் பார்த்தார்கள், நிற்கவில்லை. சரிவில் பிரதான பாதைக்குள் இறங்கி 3 மைல் தூரம் தன்பாட்டில் ஓடியது. வேகம் மணிக்கு 30 மைல்வரை ஏறி, கடைசியில் தானாகவே நின்றது. ஒருவருக்கும் காயமில்லை, தடமும் புரளவில்லை. போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் அறிக்கையை இரண்டு தரம் வாசித்தேன். அந்த இரவில் எதிரே ஒரு ரயில் வந்திருந்தால் என்ற நினைப்பில் நித்திரை வரவில்லை.

அடுத்த வருடம் டிசம்பரில், சஸ்கச்சுவான் மாகாணத்து மெல்வில் யாட்டில் அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. ரிமோட்டில் வேலை செய்துகொண்டிருந்த போர்மன் ஒருவர், கட்டுப்பாடில்லாமல் உருண்ட வேகன்களில் நசுங்கி இறந்துபோனார். கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் இருந்தது.

ரிமோட்டை எடுத்தெறியச் சொல்லவில்லை. சரிவில் பாரம் இழுப்பதென்றால் காற்றுப் பூட்டித்தான் இழுக்க வேண்டும், புது ஆட்கள் இரண்டு பேரைச் சேர்த்து இரவு வேலைக்கு விடக்கூடாது. இவ்வளவுதான் நான் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்பது.

போன கிழமை நாற்பது வேகனோடு சரிவில் இறங்க வேண்டியிருந்தது. என்னோடு நின்ற பொடியன் வேலைக்கு வந்து நாலு மாதம். குளிரில் ரப்பர்க் குழாய் கட்டைபோல விறைத்துக் கிடந்தது. வளைத்துப் பூட்ட அவன் முழங்காலை மடித்துக் குந்த வேண்டியிருந்தது. ஏழாவது குழாயில் நிற்கும்போது, ஏன் இன்னும் அசையவில்லை என்று ரேடியோவில் கேட்டார்கள். பொடியன் என் முகத்தைப் பார்த்தான்.

"காற்றுப் பூட்டுகிறோம், இன்னும் நேரம் எடுக்கும்" என்றேன். அவன் எட்டாவதுக்குப் போனான்.