அது எங்கம்மா போகப் போகுது?

தம்பதிகளுக்கான ஆலோசனை அறையில் நான் மொழிபெயர்ப்பாளர். மனைவியிடம் கவுன்சிலர் ஆங்கிலத்தில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உங்கள் கணவர் மேல் இன்னும் லவ் இருக்கிறதா? (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கேள்வியில் அந்த அம்மாவுக்கு என் உதவி தேவைப்படாத சொல் 'லவ்' மட்டும்தான். ஆனால் அவருக்குத் தெரிந்த லவ் இருபது வயதுக்காரர்களுடையது. அப்படியே விட்டிருந்தால் சிரித்திருப்பார். 'காதலிக்கிறீர்களா' என்றாலும் அதே கதிதான். 'அன்பு' ஊருக்கெல்லாம் பொது. 'பாசம்' என்றால் பிள்ளைகள் ஞாபகம் வரும். 'ஆசை' ஆபத்து, கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். 'நேசிக்கிறீர்களா' என்று டப்பிங் படத்தில்தான் கேட்பார்கள். இரண்டு விநாடியில் இத்தனையும் மனதுக்குள் ஓடி, "அவர் மேல இன்னும் பிரியம் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

அதுவரை கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவர் பாதியில் நிறுத்தினார். "அது எங்கம்மா போகப் போகுது?"

'ஆமாம், நிச்சயமாக இருக்கிறது' என்று கவுன்சிலரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன்.

கூட்டாதே, குறைக்காதே என்பதுதான் எங்கள் வேலையின் முதல் விதி. சந்தேகம் வந்தால் 'மொழிபெயர்ப்பாளருக்கு விளக்கம் தேவை' என்று சொல்லி நிறுத்தலாம், அதற்கும் அனுமதி உண்டு. எனக்குத்தான் சந்தேகமே வரவில்லையே! தமிழில் பல சமயம் எதிர்க்கேள்விதான் அழுத்தமான ஆமாம். சொல்லுக்குச் சொல் கொடுத்திருந்தால், பதிலைத் தவிர்க்கிறார் என்று கவுன்சிலர் குறித்துக்கொண்டிருப்பார். அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதே வாக்கியத்தைக் கொஞ்சம் அலுத்த குரலில் சொல்லிப் பார்த்தால், போக வேறு இடமில்லை, அதனால் இருக்கிறது என்றும் ஆகிவிடுகிறது. அந்த அம்மா எந்தக் குரலில் சொன்னார்? ஜிப் நின்ற இடம் நினைவிருக்கிறது. குரல் நினைவில்லை.

கணவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். "அவ ஆமான்னு சொல்லலையே மேடம்" என்றார் என்னிடம், மெதுவாக. அறையில் யார் எதைச் சொன்னாலும் மொழிபெயர்த்தாக வேண்டும். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அதற்குள் கவுன்சிலர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார் என்பது உண்மை. நான் போகவிட்டேன் என்பதும் உண்மைதான்.

மேசை மேல் கவுன்சிலர் வரைந்த காதல் முக்கோணம் ஒன்று கிடந்தது, காதலின் மூன்று கூறுகளைக் காட்டும் படம். ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் என்ற உளவியலாளர் 1986-ல் முன்வைத்தது. நெருக்கம், வேட்கை, விட்டுப்போகாத உறுதி என்று மூன்று மூலைகள். ஒவ்வொரு மூலையாகக் கேட்டிருந்தால் என் பாடு சுலபமாகியிருக்கும். கிரேக்கத்தில் வேட்கைக்கு எரோஸ், நட்புக்கு பிலியா, குடும்பப் பாசத்துக்கு ஸ்டோர்கே, தன்னலமற்ற அன்புக்கு அகாபே என்று தனித்தனியே வைத்திருக்கிறார்கள். நம் பழைய இலக்கணமும் சளைத்ததல்ல. ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை, பொருந்தாததற்குப் பெருந்திணை, நடுவில் இருவரும் ஒத்த காதலுக்கு ஐந்திணை, அதில் ஊடலுக்கென்றே மருதம். சொல்லுக்கா பஞ்சம்? ஆனால் அந்த அம்மா இதில் எதையும் எடுக்கவில்லை. 'அது' என்றார், அவ்வளவுதான். நான் கேட்ட பிரியத்தைத்தான் 'அது' என்றாரா என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

வெளியே வந்ததும் என் பக்கத்தில் வந்து, "அவங்ககிட்ட என்னன்னு சொன்ன?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னதைத்தாம்மா."

"நான் என்ன சொன்னேன்?"

லிஃப்ட் வந்துவிட்டது. கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த செஷனுக்கு வேறு மொழிபெயர்ப்பாளரைப் போட்டிருந்தார்கள். நேரம் ஒத்துவரவில்லை என்றார்கள். இருக்கலாம்.