இன்னும் ஆறாத பரோலோ

பிப்ரவரி 15, 2025, சனி

காலைல டூரின்ல ரயில் ஏறி ஆல்பா போயி, அங்கேர்ந்து ஆபீஸ் நண்பர் ஒருத்தர் கார்ல செர்ராலுங்கா தால்பா, பரோலோங்கிற இத்தாலிய சிவப்பு வைன் வர்ற மலையூர்கள்ல ஒண்ணு. மலை ஏறுற வரைக்கும் ஒரே மூடுபனி, ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இலை உதிர்ந்த கொடிங்க கறுப்பா கட்டை கட்டையா தெரிஞ்சுது, ஒரு வளைவு திரும்பினதும் பனி மொத்தமும் கீழ தங்கிருச்சு, ஊர் நடுவுல அந்த ஒல்லியான உயரமான கோட்டை மட்டும் வெயில்ல நிக்குது. பரோலோ பண்ற திராட்சைக்கு நெப்பியோலோன்னு பேர் வந்ததே நெப்பியா, அதாவது மூடுபனியிலேர்ந்துதான்னு இங்க சொல்லுவாங்க, மத்த திராட்சையெல்லாம் பறிச்சு முடிச்சப்புறம் அக்டோபர் பனியில இதைப் பறிக்கிறதால. பழத்து மேல சாம்பல் பூத்த மாதிரி இருக்குமே, அதனால வந்த பேருன்னு சொல்றவங்களும் இருக்காங்க. இன்னைக்கு அங்க நின்னு பாத்தப்ப எனக்கு முதல் கதைதான் பிடிச்சுது.

ஒரு குடும்பம் வைன் பண்ணி விக்கிற சின்ன இடம். அந்த அம்மா 2021ல பறிச்ச பரோலோவ ஒரு விரல் உயரத்துக்கு ஊத்திக் குடுத்துட்டு என் முகத்தையே பாத்துட்டு இருந்தாங்க. நான் வாயத் திறக்கிறதுக்கு முன்னாடி அவங்களே சொல்லிட்டாங்க, "இது இன்னும் குழந்தைங்க. வாங்கிட்டுப் போயி மறந்துருங்க."

ஆறு பாட்டில் வாங்கினேன், பாட்டில் 45 யூரோ. மூணு மாசமா ஒதுக்கி வச்ச காசு. கண்ணாடியில தோள் பக்கம் ஆல்பெய்சான்னு புடைப்பா எழுத்து இருக்கும் பாருங்க, இந்த ஏரியாக்காரங்களோட பாட்டில், ரயில்ல வர்றப்ப அதை விரலால தடவிக்கிட்டே வந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒண்ணைத் திறந்துட்டேன். தெரிஞ்சேதான் திறந்தேன், ஆறுல ஒண்ணு இப்பவே குடிச்சுப் பாத்தாதான் மத்த அஞ்சும் எங்கேர்ந்து கிளம்பி எங்க போகுதுன்னு புரியும். மிலான்ல இருக்குற நண்பன் மதியம் வந்திருந்தான், கோயம்புத்தூர்க்காரன், வாய் ருசி தெரிஞ்சவன்.

நிறத்தைப் பாத்து ஏமாந்துராதீங்க. க்ளாஸை பேப்பர் மேல சாய்ச்சுப் பிடிச்சா கீழ இருக்குற எழுத்தைப் படிச்சிரலாம், அவ்வளவு லேசான சிவப்பு, மாதுளை ஜூஸ்ல தண்ணி கலந்த மாதிரி. நெப்பியோலோ எப்பவுமே அப்படித்தான், நிறம் கம்மி, டானின், அதாவது துவர்க்க வைக்கிற சமாச்சாரம், ஜாஸ்தி. மூக்குல வச்சா முதல்ல 14.5 சதவீத ஆல்கஹால் சூடு, அப்புறம் புளிப்பு செர்ரி, கொஞ்ச நேரம் சுத்தி விட்டா அடியில எங்கேயோ காஞ்ச ரோஜா இதழ் வாசனை, கல்யாண வீட்டுல மறுநாள் காலைல மாலையை எடுத்தா வருமே, அது. வந்துச்சு, போயிருச்சு.

ஒரு வாய் குடிச்சான் அவன். கன்னம் ரெண்டும் உள்ள ஒட்டிக்கிச்சு.

"என்னடா இது, கொட்டைப்பாக்கை மென்ன மாதிரி இருக்கு, நாக்கு பல்லுல ஒட்டுது."

சரியாத்தான் சொன்னான். இத்தாலிக்காரங்க இதுக்கு பல்லைக் கட்டிப் போடுதுன்னு சொல்லுவாங்க, நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்ல, அறுசுவையில ஒண்ணா துவர்ப்புன்னு பேர் வச்சு தனி இடமே குடுத்திருக்கோம். நாவப்பழம் தின்ன நாக்குக்கு இது புதுசு இல்ல. ஆனா நாவப்பழத்துல இனிப்பு வந்து கைகுடுக்கும், இதுல இனிப்பும் கிடையாது, புளிப்பு கத்தி மாதிரி நடுவுல நிக்குது, துவர்ப்பு வந்து கதவைச் சாத்திருது.

"நல்லா இல்லடா"ன்னான். நல்லா இல்லைன்னு இல்லடா, இன்னும் ஆகலைன்னு சொன்னேன். ரெண்டும் ஒண்ணு இல்ல. தரம் கெட்ட வைன்ல துவர்ப்பு மட்டும் இருக்கும், பின்னாடி ஒண்ணும் இருக்காது. இதுல முழுங்கி ஒரு நிமிஷம் கழிச்சும் அந்த செர்ரி ருசி தொண்டைகிட்ட நின்னுச்சு, நான் கடிகாரத்தைப் பாத்தேன். அதுதான் எனக்கு அடையாளம்.

முக்கால் பாட்டில் மீதி, கார்க்கைத் திருப்பி அடைச்சு பால்கனி பக்கம் குளிர்ச்சியா வச்சிருக்கேன். இந்த வாரம் பூரா தினம் கொஞ்சம் குடிச்சுப் பாக்கப் போறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

ரெண்டாம் நாள், நேத்தைவிட இறுக்கம். ரோஜாவையே காணோம். தார் வாசனை மட்டும், வெயில்ல புது ரோடு போடுறப்ப வர்றது, அது பரோலோவுக்கே உள்ள வாசனைதான், தார், ரோஜா ரெண்டும் சேர்ந்துதான் இதுக்குப் பேர். இன்னைக்கு பாதிப் பேர்தான் வந்துச்சு.

இந்த துவர்ப்பு என்ன பண்ணுதுன்னா, எச்சில்ல இருக்குற புரதத்தைப் பிடிச்சுக்குது. எச்சிலோட வழவழப்பே அந்தப் புரதம்தான், அது போனா வாய் சொரசொரன்னு ஆயிருது. அதனாலதான் கறியோட, சீஸோட குடிக்கச் சொல்றாங்க, டானினுக்குப் பிடிச்சுக்க வேற புரதம் கிடைச்சிரும், நம்ம நாக்கை விட்டுரும். அம்மா வாழைப்பூவ நறுக்கி நறுக்கி மோர்த்தண்ணியில போடுவாங்க, கறுக்காம இருக்கத்தான்னு சின்ன வயசுல நினைச்சுட்டு இருந்தேன், துவர்ப்பு குறையறதுக்கும்தான் அதுன்னு அவங்களே ஒரு தடவை சொன்னாங்க. மோர்ல இருக்குறதும் புரதம்தானே. இன்னைக்கு ராத்திரி ஒரு துண்டு காஸ்தெல்மாஞ்ஞோ சீஸை வாயில போட்டுக்கிட்டே குடிச்சேன், அந்தச் சீஸ் உதிரி உதிரியா உப்பா இருக்கும், அதுக்கு அப்புறம் வந்த வாய் நேத்து குடிச்ச வைனே இல்ல. வைன் மாறல, என் வாய் மாறிருக்கு.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆபீஸ்ல லேட். ஒரு வாய்தான். புளிப்பு மட்டும் தெரியுது. குறிச்சுக்க வேற ஒண்ணும் இல்ல.

பிப்ரவரி 19, புதன்

நண்பன் போன் பண்ணினான், இவ்வளவு கஷ்டப்பட்டுக் காத்திருக்கணும்னா எதுக்கு இப்பவே விக்கிறாங்கன்னு. நல்ல கேள்வி. சட்டப்படி பாத்தா அவங்க சும்மா விக்கல. பறிச்ச வருஷம் நவம்பர் 1ல இருந்து கணக்கு, 38 மாசம் வச்சிருக்கணும், அதுல 18 மாசமாவது மரப்பீப்பாயில. 2021ல பறிச்சது போன மாசம்தான் வெளிய வரவே அனுமதி. பக்கத்து ஊர் வைன் பார்பரெஸ்கோவுக்கு இதே நெப்பியோலோதான், 26 மாசம் போதும். மூணு வருஷத்துக்கு மேல அவங்க வச்சுக் காப்பாத்திக் குடுத்ததை நாம வாங்கின மறுநாளே திறக்குறோம், ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலைங்கிற கதைதான்.

அதோட செர்ராலுங்காவாச்சே. மேற்கால லா மோர்ரா பக்கம் மண்ணு நீலஞ்சாம்பலா, மென்மையா இருக்கும், அங்க வர்ற பரோலோ சீக்கிரம் பழகிரும். செர்ராலுங்கா, மோன்ஃபோர்தே பக்கம் மண்ணு இன்னும் பழசு, சுண்ணாம்போட மணற்பாறை கலந்தது, அங்க வர்றது முறுக்கா இருக்கும், நின்னு நிதானமாத்தான் இறங்கி வரும். கார்ல போனா இருபது நிமிஷ தூரம், குணம் அவ்வளவு வேற. வருஷமும் அப்படி, 2020 ஓரளவு இளசுலயே குடிக்கலாம், 2021ல ஏப்ரல் தொடக்கத்துல உறைபனி, அப்புறம் மழை கம்மியான கோடை, வைன் கெட்டியான எலும்போட வந்திருக்கு.

காத்திருக்கிறதைக் குறைக்க ஒரு காலத்துல இங்க பெரிய சண்டையே நடந்துச்சு. 1980கள்ல இளைய தலைமுறை சில பேர் சாறு திராட்சைத் தோலோட ஊறுற நாளைக் குறைச்சு, பெரிய பழைய பீப்பாய்க்குப் பதிலா பாரிக்ங்கிற சின்ன புது ஓக் பீப்பாய்க்கு மாறினாங்க. அவங்கள்ல ஒருத்தர் எலியோ ஆல்தாரே, அப்பாவோட பழைய பீப்பாய்ங்களை மின்ரம்பத்தால அறுத்தே போட்டார். எதிர்ப்பக்கம் பழைய முறையை விடாத பார்தோலோ மஸ்கரெல்லோ, பாரிக்கும் வேண்டாம், அரசியல்வாதி பெர்லுஸ்கோனியும் வேண்டாம்னு கையால லேபிள் வரைஞ்சு ஒட்டினார். ரெண்டு பக்கமும் நல்ல வைன் பண்ணினவங்கதான், இப்போ நடுவழியில நிறைய பேர் வந்துட்டாங்க. எனக்கு பெரிய பீப்பாய்தான். ஓக் வாசனை வந்து துவர்ப்பை மூடினா குழந்தைக்கு பவுடர் அடிச்ச மாதிரிதான் இருக்கு, வளர்ந்த மாதிரி இல்ல.

பிப்ரவரி 20, வியாழன்

இன்னைக்குத் திறந்துச்சு!

அஞ்சாம் நாள், பாட்டில்ல கால்வாசிதான் மீதி. க்ளாஸ்ல ஊத்தி வச்சுட்டு வெங்காயம் நறுக்கிட்டு இருந்தேன், வெங்காய வாசனையையும் மீறி ரோஜா வந்துச்சு, கையைக் கழுவிட்டு ஓடி வந்து மூக்கை வச்சேன். ரோஜா, செர்ரி, ஆரஞ்சுத் தோல், அதிமதுரம், பின்னாடி தார், எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்காம வரிசையா வருது. துவர்ப்பு இருக்கு, போகல, ஆனா பாக்கு இல்ல இப்போ, நல்ல கடுந்தேநீர் அளவுக்கு இறங்கிருக்கு, நாக்கு ஓரமா மட்டும் பிடிக்குது.

கொஞ்ச நேரம் அந்தச் சமையலறையிலயே நின்னுட்டேன். அந்த அம்மா சொன்னது இதைத்தான்.

ஒண்ணு மட்டும் எழுதி வச்சிரணும், திறந்து அஞ்சு நாள் வச்ச பாட்டில் வயசான பாட்டில் ஆயிராது. காத்து பட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கு, அவ்வளவுதான். மூடின பாட்டிலுக்குள்ள வருஷக்கணக்கா நடக்குறது வேற, டானின் ஒண்ணோட ஒண்ணும் நிறத்தோடயும் சேர்ந்து உரு மாறுது, கொஞ்சம் கசடா அடியில இறங்குது, பழ வாசனையே வேற ஏதோ வாசனையா ஆகுது. இன்னைக்குப் பாத்தது ஜன்னல் இடுக்கு வழியா.

பிப்ரவரி 22, சனி

கடைசி அரை க்ளாஸ். பழம் வாடிருச்சு, புளிப்பு தனியா நிக்குது. வருத்தமில்ல. மாட்டுக்கறியை வைன்ல மணிக்கணக்கா வேக வச்சு ஒரு பிரசாதோ செய்வாங்க இங்க, அதுல ஊத்திட்டேன்.

வந்த புதுசுல ஒரு ரெஸ்டாரண்ட்ல நான் முதல்முதல்ல குடிச்ச பரோலோ ஞாபகம் வந்துச்சு. ஹீட்டர் பக்கத்துல வச்சிருந்த பாட்டில், சின்ன க்ளாஸ், கடைக்கு வந்து ரெண்டு மாசம்கூட ஆகாத வருஷத்தோடது, சூடா கசப்பா இருந்துச்சு. பரோலோன்னா இதுதான்னு நினைச்சு ரெண்டு வருஷம் திரும்பிக்கூட பாக்கல. எனக்கு அந்த ரெண்டு வருஷம் போனதுல இன்னும் கோவம் இருக்கு. ஊத்துறதுக்கு முன்னாடி, இது இளசுங்க, கொஞ்ச நேரம் விட்டுக் குடிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம், பாட்டிலை 17 டிகிரிகிட்ட வச்சிருந்திருக்கலாம்.

மார்ச் 8, சனி

கீழ் வீட்டுப் பெரியவர் வரச் சொல்லிருந்தார். என் வாரக் கதையைக் கேட்டதுலேர்ந்து அவருக்கு ஒரே ஆசை, அவர்கிட்ட 2004 ஒண்ணு இருக்கு, அதுவும் செர்ராலுங்கா, ஆனா வேற குடும்பம் பண்ணினது. ரெண்டு நாள் முன்னாடியே நிமிர்த்தி வச்சுட்டார், கசடு அடியில உட்கார. கார்க் பாதியில ஒடிஞ்சுது, மீதியை மெதுவா எடுத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்துல பாத்துக்கிட்டே டிகாண்டர்ங்கிற கண்ணாடிக் குடுவையில ஊத்தினார், கழுத்துகிட்ட கறுப்பா தூள் வந்ததும் கையை நிறுத்திட்டார்.

நிறம் ஓரத்துல பழைய செங்கல், நடுவுலயும் பெருசா சிவப்பு இல்ல. வாசனை காஞ்ச ரோஜா, புகையிலை, மழை பெஞ்ச காட்டுத்தரை, தோல் செருப்புக் கடைக்குள்ள போன மாதிரி. வாயில வச்சா அதே நெப்பியோலோதான், புளிப்பு அப்படியே உயிரோட இருக்கு, துவர்ப்பும் இருக்கு, ஆனா இப்ப அது நாக்கைப் பிடிக்கல, வைனைத்தான் பிடிச்சு நிறுத்துது. இருபத்தியொரு வருஷம்.

"இளசுல இதைக் குடிச்சீங்களா?"ன்னு கேட்டேன்.

"ஆறு வாங்கினேன். அஞ்சை அவசரப்பட்டுக் குடிச்சுட்டேன். இது ஒண்ணு என் மனைவி ஒளிச்சு வச்சதால பொழச்சுது"ன்னார். அவங்க போயி நாலு வருஷம் ஆச்சு. அவங்க உட்கார்ற நாற்காலிக்கு முன்னாடியும் ஒரு க்ளாஸ் வச்சு கொஞ்சம் ஊத்தினார், நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒண்ணும் பேசல.

மார்ச் 9, ஞாயிறு

காலைல நிலவறையில இடம் ஒதுக்கிட்டேன். இந்த பில்டிங்ல ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில ஒரு கன்தினா உண்டு, செங்கல் வளைவு, மண்தரை, தெர்மாமீட்டர்ல 12 டிகிரி. அஞ்சு பாட்டிலையும் கார்க் நனையுற மாதிரி படுக்க வச்சேன். ஒவ்வொண்ணு கழுத்துலயும் நூல்ல ஒரு அட்டை கட்டி வருஷம் எழுதினேன், 2029, 2032, 2035, 2038. அஞ்சாவதுல ஒண்ணும் எழுதல.

சாவி ரெண்டு இருந்துச்சு. ஒண்ணை கீழ் வீட்டுப் பெரியவர்கிட்ட குடுத்து வச்சிருக்கேன்.