மலைப்பூண்டு விற்க கூகுளில் எந்தச் சொல்லுக்குக் காசு கட்டலாம்?

"பூண்டு" என்று மொட்டையாக ஒரு கீவேர்டு (எந்தத் தேடலுக்கு விளம்பரம் காட்ட வேண்டும் என்று கூகுளிடம் நாம் கொடுக்கும் சொல்) போட்டால், ஊறுகாய் செய்முறை தேடுபவர் கிளிக்குக்கும் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும். "கொடைக்கானல் மலைப்பூண்டு" என்று குறுக்கினால் சரியாகிவிடுமா? பாதிதான். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெயர் அது. சும்மா தெரிந்துகொள்ளத் தேடுபவர்களும் உண்டு.

வால் சொல்லைப் பாருங்கள். "நன்மைகள்" என்று முடித்தால் படிக்க வந்தவர். "விதை" என்றால் விவசாயி. "இன்றைய விலை", "வடுகபட்டி" (தேனி மாவட்டத்துப் பூண்டுச் சந்தை ஊர்) என்றால் மண்டி நிலவரம் பார்ப்பவர். "ஆன்லைன்", "வாங்க", "1 கிலோ" என்று அடிப்பவர்தான் உங்கள் ஆள். இந்த வால்கள் சேர்ந்த கீவேர்டுகளை இரட்டை மேற்கோளுக்குள் ஃப்ரேஸ் மேட்சாக (அந்தத் தொடரின் பொருள் உள்ள தேடல்களுக்கு மட்டும்) போடுங்கள். வெறுமனே விட்டால் பிராட் மேட்ச். கூகுள் தன் இஷ்டத்துக்கு விரிக்கும். முன்னே சொன்ன வேண்டாத வால்களை நெகட்டிவ் கீவேர்டில் (இந்தச் சொல் வந்தால் விளம்பரம் காட்டாதே என்ற பட்டியல்) சேருங்கள்.

தமிழில் இங்கேதான் சிக்கல். நெகட்டிவ் பட்டியல் ஒத்த சொற்களைத் தானாகப் பிடிக்காது. "விதை" போட்டாலும் "விதைப்பூண்டு" நுழைந்துவிடும். நன்மை, நன்மைகள், பயன்கள் எல்லாவற்றையும் தனித்தனியே எழுத வேண்டும். கீவேர்டில் நெருங்கிய வடிவங்களைக் கூகுள் தானே சேர்க்கப் பார்க்கும். ஆனாலும் அதை மட்டும் நம்பாமல் மலைப்பூண்டு, மலைபூண்டு, மலை பூண்டு மூன்றையும் போடுங்கள். தமிழையே ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்கு அந்த எழுத்துக்கூட்டல்களும் வேண்டும். இலக்கணம் பார்த்தால் வியாபாரம் ஆகாது.

அதற்காக ஒரு மலைக் கிராமத்தின் பெயரையும் சேர்த்து "கூக்கால் மலைப்பூண்டு அரை கிலோ" வரை இறங்காதீர்கள். தேடுவோர் மிகக் குறைவென்றால் "லோ சர்ச் வால்யூம்" என்று கூகுள் அதைத் தூங்க வைத்துவிடும்.

கணக்குக்கு வருவோம். கூரியர், பேக்கிங் போக கிலோவுக்கு 120 ரூபாய் நிற்கிறது, 20 கிளிக்குக்கு ஒரு கிலோ ஆர்டர் ஒன்று என்று வையுங்கள். கிளிக் 6 ரூபாய் ஆனாலே கையில் ஒன்றும் மிஞ்சாது. "மேக்ஸிமைஸ் கிளிக்ஸ்" (பட்ஜெட்டுக்குள் முடிந்தவரை அதிக கிளிக் வாங்கித் தரும் ஏல முறை) வைத்தால் அதிகபட்ச ஏலத்தொகை 4 ரூபாய் என்று கட்டாயம் போடுங்கள். தினசரி பட்ஜெட் 200 என்றாலும் ஒரு நாளில் 400 வரை போகலாம். மாதக் கணக்கில் 30.4 மடங்குக்கு மேல் பிடிக்க மாட்டார்கள்.

இடம் என்ற பகுதியில் கொடைக்கானலைப் போடாதீர்கள். ஊர்க்காரர் கடையிலேயே வாங்கிக்கொள்வார். சென்னை, கோவை, மதுரை போதும். இந்த ஊர்களில் "ஆர்வம் உள்ளவர்கள்" என்பதையும் சேர்த்துத்தான் கூகுள் முதலில் வைத்திருக்கும். அங்கே இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். முதல் 10 நாள் "சர்ச் டெர்ம்ஸ்" அறிக்கையை (மக்கள் உண்மையில் அடித்துத் தேடிய சொற்கள்) தினமும் திறந்து, வேண்டாத சொற்களை நெகட்டிவுக்குத் தள்ளுங்கள். சரக்கு தீர்ந்த அன்றே விளம்பரத்தை நிறுத்திவிடுங்கள்.