ரேகை தேய்ந்த விரல்களும் போலிக் குரலும்

தாராவியில் எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றுகிறது. "கைரேகையைப் புதுப்பிக்காவிட்டால் ரேஷன் நின்றுவிடும்" என்று மந்திரி ஒருவர் தெளிவான தமிழில் சொல்கிறார். கீழே ஒரு லிங்க். அவருக்குத் தமிழே தெரியாது! உற்றுப் பாருங்கள்: 'ப', 'ம' வரும் இடங்களில் உதடுகள் மூடவே இல்லை. செயற்கை நுண்ணறிவால் செய்த போலிக் காணொளி இது.

இதில் பயந்துபோகிறவர்கள் யார் என்பதுதான் என் ஆத்திரம். விடிவதற்குள் இட்லி அவித்து, அண்டா தேய்த்து, ரேகை மழுங்கிப்போன பெண்கள். பக்கத்து வீட்டு அக்கா கட்டைவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து ரேஷன் கடை இயந்திரத்தில் வைக்கிறார், ஏற்கவில்லை. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. அவர் இந்தக் காணொளியை நம்பாமல் என்ன செய்வார்?

ஆதாரில் பத்து விரல்களோடு இரண்டு கருவிழிகளும் முகமும் பதிவாகியிருக்கின்றன. விரல் கைவிட்டால் அவற்றைக் கொண்டும் சரிபார்க்க வழி உண்டு, கடைக்காரரிடம் கேளுங்கள். வைத்தது உயிருள்ள விரலா, போலி அச்சா என்று கண்டுபிடிக்க 2023 முதல் செயற்கை நுண்ணறிவையே பயன்படுத்துகிறார்கள். மோசடிக்காரன் கையிலும் இருப்பது செயற்கை நுண்ணறிவுதான்.

லிங்கைத் தொடாதீர்கள். ஆதார் பற்றிய சந்தேகத்துக்கு 1947 என்ற எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். ஞாயிறு மாலை பிள்ளையார் கோவில் வாசலில் இருப்பேன். லிங்கை அழுத்திவிட்டவர்கள் தயங்காமல் போனோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.